இன்னும் ஒரு சாண்

நார்வேயின் அந்த மலையூரில், ஹால்வர் வீட்டில் விறகடுப்பு பொருத்த வந்த சுன்னிவாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“மரச்சுவர்ல இருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி வைம்மா.”

“அளவு சரியாத்தான் இருக்கு சார்.”

“தரையில இரும்புத் தகடு இன்னும் அகலமா போடு. புகைக்குழாய் இணைப்பை மறுபடி பாரு.”

“மூணு தடவை பாத்தாச்சு! நெருப்புன்னா இப்படியா பயப்படுவாங்க? என்ன வேலை பாக்கறீங்க சார்?”

ஹால்வர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இந்த ஊர் தீயணைப்பு நிலையத்துக்கு நான்தான் தலைவர்.”

சுன்னிவா கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“போன குளிர்காலத்துல, ‘இதுக்கெல்லாம் ஆளு எதுக்கு?’ன்னு நானே அடுப்பு வெச்சேம்மா. ஒருநாள் நிலையத்துல மணி அடிச்சுது. வண்டியில தாவி ஏறி, ‘எந்த முட்டாள் வீடுடா?’ன்னு கேட்டேன். பசங்க என் மூஞ்சியைப் பாக்காம என் வீட்டு விலாசத்தைப் படிச்சாங்க.”