கெட்ட புத்தகம்

ஆந்திர எல்லையிலுள்ள பலமனேர் நூலகத்தில் கிரண்குமார் அந்தத் தமிழ் நாவலை மேசைமேல் பொத்தென்று போட்டான்.

"இத்த இனிமே யாருக்கும் தராதீங்க மேடம். கெட்ட புக்கு. அலமாரியில பாத்தேன்னா ஊர் ஜனத்தையே கூட்டியாந்துடுவேன்."

நூலகர் ரூபா நிதானமாகக் கேட்டார். "எந்த எடம் கெட்டதுன்னு காட்டுங்க."

அவன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனான். எங்கும் நிறுத்தவில்லை.

"நான் தெலுங்கு மீடியம் மேடம். தமிழ் பேசத்தான் வரும்."

"அப்ப கெட்டதுன்னு யார் சொன்னாங்க?"

"சொல்லணுமா? என் பொண்டாட்டி குடியாத்தத்துக்காரி, தமிழ் படிப்பா. தெனமும் இத்த படிச்சிக்கினே அழுவுறா. பொம்பளைய அழ வெக்கிறது நல்ல புக்கா?"

வெளியே பைக்கருகில் நின்றிருந்த அவன் மனைவி சிவசங்கரியை ரூபா உள்ளே அழைத்தார்.

"எந்த எடத்துலம்மா அழுதே?"

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேலை முடிஞ்சி வூட்டுக்கு வர்ற புருசன், பொண்டாட்டிய 'நீ துன்னியா'ன்னு கேக்குறான் மேடம். அந்த எடம்."

மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் படபடத்தன. தலை நிமிராமலே கிரண்குமார் புத்தகத்தை மூடி, அவள் பக்கம் நகர்த்தினான்.