ஒரு சாண் நூல்

நூல் பத்தவில்லை.

பெஞ்சின் மேல் ஏறி நின்று, சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அளந்துகொண்டிருந்தாள் முத்துமீனா. ஒரு முனையை மதுரையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியிருந்தாள். மறுமுனை நடுக்கடலோடு நின்றுவிட்டது.

இடது கையில் ஒரு ஆப்பிள்.

வாசலில் வந்து நின்ற ஸ்வர்ணா டீச்சருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விழா முடிந்து பள்ளிக்கூடமே காலியாகிவிட்டது. பரிசு வாங்கிய பிள்ளை இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நூல் டீச்சர் கொடுத்ததுதான். செல்லூரில் தன் அப்பாவின் தறியில் மிஞ்சிய நூல், ஏழாம் வகுப்புக்கு ஆளுக்கு ஒரு சாண். வீட்டில் சாப்பிடுவது ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, படத்தில் அளந்து, ஒரு வாரம் எழுத வேண்டும். தூரம் குறைந்தால் புகையும் குறைவு. யாருடைய சாப்பாடு குறைந்த தூரம் வந்ததோ அவருக்குப் பரிசு. மத்தியானச் சத்துணவு எல்லோருக்கும் ஒன்றுதானே, அது சேராது.

மாதிரிக்குத் தன் வீட்டுக் கணக்கையே போட்டுக் காட்டினாள். பர்மா துவரம்பருப்பு, ரேஷனில் புதிதாக வந்த மலேசியா பாமாயில், ஆப்கானிஸ்தான் பெருங்காயம். டீச்சர் வீட்டுச் சாம்பாரில் பாதி ஆசியா கிடந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

முத்துமீனாவின் தாளில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஏழு நாளும் கஞ்சி, முருங்கைக்கீரை. அரிசி, அப்பா சுடலைக்கு அறுப்புக் கூலியாக வந்த நெல், இரண்டு கிலோமீட்டர். கீரை, குழாயடி மரம். தொலைவிலிருந்து வந்தது தூத்துக்குடி உப்பு ஒன்றுதான். அதுவும் கடைசி மூன்று நாள் இல்லை. எழுத மறந்திருப்பாள் என்று ஸ்வர்ணா அங்கே ஒரு கேள்விக்குறி போட்டாள். அடியில் சிவப்பு மையால் எழுதினாள்: ‘எல்லோரும் இவளைப் போலச் சாப்பிட்டால் பூமி பிழைத்துக்கொள்ளும்.’

இன்று அதை மேடையில் வாசித்தபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சிறப்பு விருந்தினர் மனசு இளகிப்போய், சால்வையோடு தனக்குக் கொடுத்த ஆப்பிளை அவள் கையில் வைத்தார். பழத்தின் மேல் நியூசிலாந்து என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை, டீச்சருக்கும்தான்.

முத்துமீனா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு பயம்.

“டீச்சர், இதைத் தின்னா எம்புட்டுத் தூரம் கூடும்?”

இப்போது உறைத்தது. திங்கட்கிழமை தல்லாகுளத்தில் இதே கணக்குக்கு மாவட்டப் போட்டி. ஜெயிக்கிற பிள்ளைக்கு ஒரு டிரஸ்ட் விடுதியில் பன்னிரண்டாவது வரைக்கும் படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை வரை ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்று மேடையை விட்டு இறங்கும்போதுதான் சொல்லியிருந்தாள்.

தின்னு என்று சொன்னால் விடுதி போய்விடும். தின்றுவிட்டு எழுதாதே என்றால், பொய் சொல்லப் பழக்கிய டீச்சர் ஆகிவிடுவாள். தின்னாதே என்று எந்த வாயால் சொல்வது? ஸ்வர்ணாவுக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சட்டம் போட்டது அவள்தான். அவளுக்கே அதில் ஒரு சந்து கிடைக்கவில்லை.

 பிள்ளை பெஞ்சிலிருந்து இறங்கி, நூலை விரலில் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தது. ஆப்பிளை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்த்தது. சட்டென்று முகம் தெளிந்தது.

“தங்கச்சிக்குக் குடுத்துர்றேன் டீச்சர், அவ போட்டியில இல்லைல்ல? தூத்துக்குடி ரொம்பத் தூரம்னு, மூணு நாளு உப்பையும் நான் மட்டுந்தேன் விட்டேன்.”