சொந்த வீட்டில் விருந்தாளி

"சொந்த வீட்டுல ஒருநாள் விருந்தாளி மாதிரி இருங்க. எல்லாத்துக்கும் அனுமதி கேளுங்க. வீட்டுல யாரும் பதறலைன்னா மார்க் கிடையாது!" என்றார் சமூகவியல் கோட்பாடு நடத்தும் பேராசிரியர்.

மறுநாள் வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது.

"ஃபிரிட்ஜைத் திறக்கலாமா ஆன்ட்டின்னு கேட்டேன் சார், அம்மா அழுதுட்டாங்க!" என்றான் ரோஹன்.

ஸ்னேஹாவின் அப்பா டாக்டருக்கே போன் போட்டுவிட்டாராம்.

"மல்லேஸ்வரத்துல உங்க வீட்டுல என்ன கலாட்டா, அம்ருதா?" என்று கேட்டார் பேராசிரியர்.

அம்ருதா தயங்கி எழுந்தாள். சோபாவில் உட்காரவும், டிவி போடவும், காபி கலக்கவும்கூட அவள் கேட்டுக் கேட்டுத்தான் செய்திருந்தாள்.

"யாருமே பதறல சார்."

"ஒருத்தர்கூடவா?"

"மாமியாருக்கு ஒரே சந்தோஷம். 'இப்பதான் மாட்டுப்பொண்ணா லட்சணமா இருக்கே, இனிமே இப்படியே இரு'ன்னுட்டாங்க. அது நேத்து ஒருநாளுக்குத்தான்னு அவங்ககிட்ட எப்படி சார் சொல்றது?"