கிட்டுவின் லேப்டாப்

"சீமந்த போட்டோ எல்லாம் இதுல இருக்கு, அத்திம்பேர்" என்று மைத்துனன் ஷ்ரவண் நீட்டிய பென் டிரைவை, மும்பை மாட்டுங்கா கிட்டு செத்த எலியைப் போல இரண்டு விரலால் பிடித்தார்.

"காட்கோபர்ல கண்ட மெஷின்லயும் சொருகிட்டு வந்திருப்பே. வைரஸ் சொல்லிண்டா வரும்? என் லேப்டாப் கிட்டக்கவே கொண்டு வராதே."

"அப்போ போட்டோவை எப்படிப் பார்க்கறது?" என்றாள் மனைவி சாருலதா.

"நாளைக்கு ஆபீஸ் மெஷின்ல போட்டுப் பார்க்கறேன். அதுக்கு ஒண்ணும் ஆகலேன்னா இங்கே போடலாம்."

மறுநாள் ஆபீஸில் படங்கள் ஒழுங்காகத் திறந்தன. கிட்டு நிம்மதியாக பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீட்டிங் ஹாலுக்குப் போனார். கம்பெனியின் கணினிப் பாதுகாப்பு அதிகாரி எடுக்கும் வகுப்புக்காகப் புது ஆட்கள் காத்திருந்தார்கள்.

கிட்டு மைக்கைப் பிடித்து இந்தியில் ஆரம்பித்தார்:

"வீட்டு பென் டிரைவை ஆபீஸ் மெஷின்ல சொருகறவனுக்கு மூளையே கிடையாது."