ரோஜாவுக்கு உரம்

வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள் பட்டு. அதைப் பார்த்த கஸ்தூரிரங்கனுக்குச் சமையலறை வாசலிலேயே மூச்சு நின்றுவிட்டது.

அது பழைய பெயிண்ட் வாளி. காய்கறித் தோலும் காபிச் சக்கையும் அதில் கிடந்து மக்கி, மாதம் ஒருமுறை ரோஜாச் செடிக்குப் போகும். "இந்தத் தடவை நானே கொட்டறேன்" என்று காலையிலேயே பெண்டாட்டியிடம் சொல்லி வைத்திருந்தார். அப்படியும் முந்திக்கொண்டாளே பாவி!

அவள் உள்ளங்கையில் முட்டை ஓடுகள்.

இரும்புலியூர் காலனியில் மார்கழி பஜனை என்றால் முதல் ஆளாக நிற்பவர் அவர். பட்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன நேரத்தில் நாக்கு கேட்கவில்லை, அவித்துத் தின்றுவிட்டார். ஓட்டைக் குப்பையில் போட்டால் வேலைக்காரி செல்லம்மா தெருவுக்கே தண்டோரா போடுவாள் என்று இந்த வாளிக்குள் அடியில் புதைத்தார். பட்டுவுக்குத் தெரிந்தால் இந்த ஜென்மத்தில் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

இவர் தின்றது என்னவோ இரண்டுதான். அவள் கையில் ஏழெட்டு முட்டையின் ஓடு இருப்பதுபோலத் தெரிந்தது. பயத்தில் எண்ணிக்கை தப்புகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"ஏன்னா..." பட்டுவின் குரல் நடுங்கியது. கோபம்தான், வேறென்ன!

"அதுவா? பக்கத்தாத்து ஞானம்மாள் குடுத்தா. ரோஜாவுக்கு ரொம்ப நல்லதாம்!" என்று ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார்.

பட்டுவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அதானே! ஞானம்மாள்தான். வேற யாரு?"

கஸ்தூரிரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே ஒரு ஆட்டம் போடலாமா என்றுகூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்ட் சுவர்மேல் ஞானம்மாளின் தலை முளைத்தது.

"மாமி, கொஞ்சம் முருங்கைக்கீரை பறிச்சுக்கட்டா? தவக்காலம் பாருங்க, ஒரு மாசமா எங்க வூட்ல முட்டைகூட வாங்கறதில்ல."

"தாராளமா" என்று யார் சொன்னது என்று இருவருக்குமே தெரியாது. தலை மறைந்தது.

கஸ்தூரிரங்கன் தரையைப் பார்த்தார். தொலைந்தோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பட்டு கிட்டே வந்து, காதோடு சொன்னாள்:

"நல்லவேளை, நீங்க முந்திண்டேள். நானும் இதே பொய்யைத்தான் சொல்றதா இருந்தேன்!"