காட்சிக்கு மட்டும்

டேப் சார் மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்டதும் அவள் பிள்ளைகளைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“பொம்மை!”

அவள் வேலை பார்க்கும் மரச்சாமான் கடையின் இரண்டாம் மாடி. சிறுவர் அறை இப்படி இருக்கலாம் என்று வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, மூன்றே சுவர் வைத்துப் போட்ட அறை. அதில் ஒரு அடுக்குக் கட்டில், ஒரு படிப்பு மேசை, நிலா மாதிரி ஒரு விளக்கு.

கட்டிலின் மேல்தட்டில் மல்லாந்து கிடந்த சின்னவன், மேலே தூக்கிய ஒற்றைக் காலோடு அப்படியே உறைந்தான். மேசையில் பெரியவள் பென்சிலும் கையுமாக உறைந்தாள்.

பிள்ளைகளை வேலைக்குக் கூட்டி வர அம்மாவுக்கு மட்டும் ஆசையா? பள்ளிக்கூடம் விடுமுறை விட்டுவிட்டது. கடை விடவில்லை.

கோடை முகாமுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். நீச்சல், ரோபோ செய்வது, குதிரையேற்றம் என்று எதிர்முனையில் அடுக்கிக்கொண்டே போனார்கள். அவள் சம்பளத்தை உறை பிரிக்காமல் கொடுத்தால் ஒரு பிள்ளையைச் சேர்க்கலாம். அதுவும் குதிரை இல்லாமல்.

மாமியார், நாத்தனாரின் பிரசவத்துக்குப் போயிருந்தார். போன வருடம் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அத்தை, இப்போதெல்லாம் இவள் தலை தெரிந்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறார். மீன்களைக் குளிப்பாட்டுகிறேன் என்று சின்னவன் அவர் வீட்டுத் தொட்டியில் ஷாம்பு ஊற்றியிருந்தான்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நேற்று அவர்தான் இரண்டு பேரையும் கூடவே கூட்டிப் போனார். பெரியவள் படிக்கட்டு அருகே நின்றுகொண்டு, ஏறுகிற எல்லோரையும் உள்ளே போ, உள்ளே போ என்று அதட்டினாள். மதியத்துக்குள் நடத்துநர் கோபித்துக்கொண்டு பின் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே இன்று இங்கே. யாராவது வந்தால் அசையக் கூடாது என்பது ஒப்பந்தம். காலையில் வந்த ஒரு அம்மாள், கட்டில் வாங்கினால் பொம்மையும் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆனால் டேப் சார் கட்டில் வாங்க வருகிறவர் இல்லை. தலைமை அலுவலகத்து மேற்பார்வையாளர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். சட்டைப்பையில் எந்நேரமும் அளவு டேப் இருக்கும். நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே ஒரு விரற்கடை கூடினாலும் முகம் சுருங்கும். காட்சிக்கு வைத்திருந்த சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார் என்று ஒரு விற்பனையாளரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர்.

அவர் நிலா விளக்கைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மேசையில் இருந்தவளைப் பார்த்தார்.

“இது எப்ப வந்துச்சு?”

“புது டிஸ்ப்ளே சார். பார்க்கறவங்களுக்கு வீட்டு நெனப்பு வரட்டும்னு…”

அவர் கட்டில் பக்கம் போனார். டேப்பை இழுத்து, விளிம்பிலிருந்து சின்னவனின் கால் கட்டைவிரல் வரைக்கும் அளந்தார். கால் நடுங்கியது. கூடவே டேப்பும் நடுங்கியது.

அவளுக்கு, வேலை போனால் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றும் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து பெரியவளின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. இரண்டு எட்டு நடந்தது. நின்று, சாவகாசமாகக் கையைத் தேய்த்துக்கொண்டது.

பெரியவள் அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொண்டது. நம் பிள்ளையா இவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிறது என்று, அந்தப் பயத்திலும் அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

டேப் சார் குனிந்து, உதட்டைக் குவித்து, ஈயை ஊதி விரட்டினார்.

பெரியவள் தும்மினாள்.

“நான் அசையவே இல்லம்மா! அவதான் அவுட்டு!” என்று மேலேயிருந்து சின்னவன் கத்தினான்.

அவள் கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

டேப் சார் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

முடிந்தது கதை. அவள் சின்னவனைக் கீழே இறக்கினாள். தண்ணீர் பாட்டிலையும் கதைப் புத்தகங்களையும் பையில் திணித்தாள். தும்மல் தானாக வந்துவிட்டது என்று பெரியவள் விசும்பினாள். பரவாயில்லை என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மறுபடியும் படியில் காலடிச் சத்தம். இந்த முறை மெதுவாக, மூச்சிரைப்போடு.

டேப் சார்தான். அக்குளில் ஒரு சிறுமியை இடுக்கிக்கொண்டு வந்தார். ஏழு வயது இருக்கும். அவர் சாயலிலேயே முகம், மூக்குக் கண்ணாடி, தோளில் பை. கட்டை மாதிரி விறைத்து, கன்னத்தை உப்பவைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். டேப்பை எடுத்து, பெரியவளுக்கும் அதற்கும் நடுவே இடைவெளியை அளந்தார். கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“ஹெட் ஆபீஸ் பொம்மைம்மா,” என்றார். முகம் எப்போதும் போலத்தான் இறுகியிருந்தது. குரல்தான் இறங்கியிருந்தது. “காலையிலேர்ந்து மூணு கிளை ஏறி எறங்கிட்டேன். வைக்கறதுக்கு எங்கயும் எடம் இல்ல.”

படி வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன். சாப்பாடு பையில இருக்கு. கேரட்ட மட்டும் ஒதுக்கி வைக்கும், கொஞ்சம் அதட்டுங்க.”