ஐனாரின் மூன்றாவது முயற்சி

அன்று மதியம் அலுவலகத்தில் இருந்தவர்கள் மூவர்: ஹாகன் குடும்ப மர ஆலையின் மூத்த உரிமையாளனான டோர்வால்ட் என்னும் நான், என் தம்பி ஐனாரின் மனைவி சிக்னி, என் மருமகன் கர்ட்டிஸ். ஐனார் சென்ற குளிர்காலத்தில் ஏரியின் பனி உடைந்து இறந்துபோனான். அவன் பொறுப்பை இனி சிக்னி ஏற்க வேண்டும்.

ஆலைக் கணினிகளை யாரெல்லாம் திறக்கலாம் என்று முடிவுசெய்யும் புதிய சர்வரை கர்ட்டிஸ் அமைத்துக்கொண்டிருந்தான். ஆலைக் கணினிகள் எல்லாம் சேர்ந்த டொமைனுக்கு எங்கள் குடும்பப் பெயரையே வைக்கச் சொன்னேன். பழைய சர்வரிலிருந்து எதையும் எடுக்கவில்லை. எங்கள் மூன்று பெயர்களைச் சேர்த்தான். திரையில் நான்கு இருந்தன; நான்காவது ஐனார்.

“மாமா, சின்ன மாமா பேர நீங்க போட்டீங்களா?”

“எனக்கு மவுஸையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதுடா.”

கர்ட்டிஸ் அதை நீக்கினான். அது திரும்ப வந்தது. ஐனாரின் பெயரில் யாரோ இரண்டு முறை தவறான கடவுச்சொல்லை அடித்ததாகச் சர்வர் காட்டியது.

சிக்னி திரையை எட்டிப் பார்த்தாள். “கேப்ஸ் லாக்க அணைக்காமலே அடிப்பாரு. ரெண்டு தடவ தப்பாகும். திட்டிட்டு மூணாவதுல சரியா அடிப்பாரு.”

மூன்றாவது சரியாக இருந்தது. மரங்களை எடைபோடும் அறையின் கணினியிலிருந்து வந்திருந்தது. அதன் பிளக்கை அவன் இறந்தபோதே நான் பிடுங்கிவைத்திருந்தேன்.

பிறகு சிக்னியின் பெயர் திரையிலிருந்து மறைந்தது.

“என்னத் திரும்பச் சேருப்பா, கர்ட்டிஸ்.”

“முடியல அத்தை. எனக்கு அனுமதி இல்லைங்குது.”

தம்பியின் விதவையை நான் ஆலையைவிட்டு விரட்டியதாக எங்கள் ஊரான டலூத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஹாகன் குடும்பம் விதவைகளை விரட்டுவதில்லை. சிக்னியை நீக்கியவன் அவள் கணவன்.